வட்டைப் பகுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

லினக்ஸ் சர்வர் ஒன்றை நிறுவ முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் வினா, வட்டினை எவ்வாறு பகுப்பது என்பதாகும். இவ்வினாவுக்கு விடை கூறாமலே மேற்செல்லவும் வழியுண்டு. நிறுவு நிரல் தானே ஓர் ஏற்பாட்டை முன்மொழிகிறது. தொடர்க என்னும் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடுகிறது. அவ்வாறு அழுத்தியவரைக் குறை கூறுவதற்கில்லை. கள நிலையங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இப்பணிக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு பிற்பகலே. ஆயினும் அந்தப் பிற்பகலில் எடுக்கப்படாத முடிவு, ஈராண்டோ மூவாண்டோ கழித்து, எழுத இடமில்லை என்னும் செய்தியாகத் திரையில் வந்து நிற்கிறது. அது பெரும்பாலும் விடுமுறை நாளாகவும் அமைந்துவிடுகிறது.

அன்றைய இழப்பு எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயக்க முறைமை பழுதுற்றால் அதனை ஒரு மணி நேரத்தில் மீண்டும் நிறுவிவிடலாம். அதன் பிரதிகள் உலகெங்கும் உள்ளன, விலையும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு மழைமானி காட்டிய அளவை இவ்வாண்டு திரும்ப அளக்க இயலாது. கோடையில் ஒரு கிணற்றின் நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியிருந்தது என்பதும், பயிரில் நோய் தோன்றிய முதல் வாரத்தில் எடுத்த புகைப்படமும் அத்தகையனவே. ஒரே வட்டில், ஒரே பிரிவில், இவை யாவும் மீண்டும் கிடைக்கக்கூடிய நிரல்களோடும், எவரும் படிக்காத பதிவுக்கோப்புகளோடும் கலந்து கிடப்பதுதான் இன்றைய வழக்கம். இவ்வழக்கம் மாற வேண்டும்.

லினக்ஸில் கோப்புகள் யாவும் ஒரே மரத்தில் அடங்கும். விண்டோஸ் முறைமையிற் பழகியோர் ஒவ்வொரு வட்டையும் சி, டி என்னும் எழுத்துக்களால் தனித்தனியே அறிவர். லினக்ஸில் அத்தகைய எழுத்துக்கள் இல்லை. வேர் என்னும் ஓர் அடைவிலிருந்து எல்லாக் கிளைகளும் புறப்படுகின்றன. புதிய வட்டையோ வட்டின் ஒரு பிரிவையோ சேர்க்க வேண்டுமாயின், மரத்தில் ஏற்கெனவே உள்ள ஓர் அடைவின்மீது அதனைப் பொருத்துகிறார்கள். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் போன்றது இது. ஒட்டிய கிளை வேறொரு மரத்தினதாயினும், பார்ப்பவருக்கு மரம் ஒன்றே. கணிப்பொறியாளர் இதனை மவுண்ட் செய்தல் என்பர். தமிழில் பொருத்துதல் என்றும், ஒட்டும் இடத்தைப் பொருத்துமிடம் என்றும் கூறலாம். ஏற்றுதல் என மொழிபெயர்ப்போரும் உளர். வண்டியிற் சுமை ஏற்றுவதை அச்சொல் நினைவூட்டுவதால் இங்குக் கையாளப்படவில்லை. எச்சொல்லைக் கொள்ளினும், தாம் எழுதும் கோப்பு எந்த வட்டிற்குச் செல்கிறது என்பதைப் பயனர் அறிய வேண்டுவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. அறியாமலிருப்பதால் நேரும் தீங்கும் அங்கிருந்தே தொடங்குகிறது.

மரத்தின் கிளைகளுக்கு இன்று வழங்கும் பெயர்கள் சில, பழைய வட்டுகளின் பற்றாக்குறையாற் பிறந்தவை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் முறைமையைப் பி.டி.பி.-11 இயந்திரத்தில் அமைத்தபோது, அவர்கள் வசமிருந்த வட்டுகள் மிகச் சிறியன. முறைமையின் நிரல்கள் முதல் வட்டில் அடங்காமற்போகவே, பயனர்களின் கோப்புகளுக்கென வைத்திருந்த இரண்டாம் வட்டின் ‘யூஎஸ்ஆர்’ அடைவில் எஞ்சியவை குடியேறின. காலப்போக்கில் பயனர்கள் ‘ஹோம்’ என்னும் வேறோர் அடைவுக்குப் பெயர்ந்தனர். பயனர் என்னும் பொருளிற் தொடங்கிய பெயர், பயனர் எவரும் இல்லாத அடைவுக்கு நிலைத்துவிட்டது. ஃபெடோரா 2012-இல் தனது 17-ஆம் பதிப்பில் முதல் வட்டின் நிரல் அடைவுகளை ‘யூஎஸ்ஆர்’ அடைவினுள் இணைத்துவிட்டது. டெபியனும் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில் இவ்விணைப்பையே ஏற்கத்தக்க அமைப்பாக்கியது. ஆதலின் ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று பழைய கையேடுகள் கூறும் அறிவுரையை இன்று பின்பற்ற வேண்டுவதில்லை. பாடநூல்களில் அது இன்னும் காணப்படுமாயின் ஆசிரியர்கள் நீக்கிவிடலாம்.

இப்பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கை நிலைநாட்ட, லினக்ஸ் பிறந்த மூன்றாம் ஆண்டாகிய 1994-லேயே ஒரு பொது விதி வகுக்கப்பட்டது. எஃப்.எச்.எஸ். என்று பின்னர்ப் பெயர் பெற்ற அவ்விதியின் 3.0 பதிப்பு 2015-இல் வெளிவந்தது. அது கோப்புகளை இரண்டு வகையாற் பிரித்துக் காட்டுகிறது. பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ளத்தக்கவை, பகிரத்தகாதவை என்பது ஒன்று. நிர்வாகி கைவைத்தாலன்றி மாறாதவை, தாமாகவே மாறிக்கொண்டிருப்பவை என்பது மற்றொன்று. நிரல்கள் மாறாதவை, பதிவுக்கோப்புகள் மாறுபவை. இப்பகுப்பு மிகவும் பயனுடையது. லினக்ஸ் உலகம் ஓரளவேனும் ஒரே முகத்துடன் விளங்குவது இதனாலேயே.

எனினும் களப்பணியாளர் கேட்க வேண்டிய முதற் கேள்விக்கு அவ்விதியின் இரு வகைப்பாடுகளிலும் இடமில்லை. இக்கோப்பு அழிந்தால் மீண்டும் கிடைக்குமா என்பதே அக்கேள்வி. மாறுவது, மாறாதது என்பது இயந்திரத்தின் நோக்கிற் செய்த பகுப்பு. கிடைப்பது, கிடைக்காதது என்பது அலுவலகத்தின் நோக்கிற் செய்ய வேண்டிய பகுப்பு. இரண்டும் ஒன்றல்ல.

‘வார்’ என்னும் அடைவை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெற்றென விளங்கும். தாமாக மாறுபவை அனைத்திற்கும் விதி வகுத்த இருப்பிடம் அது. அதனுள் ‘கேஷ்’ என்னும் உள்ளடைவு உண்டு. அதிலுள்ளவற்றை எந்நேரமும் அழிக்கலாம், தேவையானால் நிரல்கள் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும் என்று விதியே கூறுகிறது. ‘லாக்’ என்னும் உள்ளடைவில் பதிவுக்கோப்புகள் இருக்கின்றன. சில வாரங்களுக்குப்பின் அவற்றை நாடுவார் இல்லை. அவற்றின் அண்டையிலேயே ‘லிப்’ என்னும் உள்ளடைவு இருக்கிறது. டெபியன் வழிவந்த முறைமைகளில் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி ஆகிய தரவுத்தளங்கள் தம் கோப்புகளை வைப்பது அங்கேதான். பத்தாண்டு மழையளவும் அந்த அடைவில் இருக்கக்கூடும். குப்பையும் பொக்கிஷமும் ஒரே அறையில் வைக்கப்பட்டிருப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. குப்பை பெருகி அறையை அடைத்தால், பொக்கிஷத்திற்கு இடமில்லாமற் போகும். பிழையுற்ற நிரல் ஒன்று இடைவிடாது பதிவுக்கோப்பில் எழுதத் தொடங்கினால் இது நிகழக்கூடும். தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். களத்திலிருந்து வரும் அளவீடுகள் வாயிலிலேயே திருப்பப்படும்.

இதுபற்றி இருவேறு கருத்துடையோர் உளர். வட்டு மலிந்துவிட்ட இக்காலத்தில் பகுப்பு எதற்கு, அனைத்தையும் ஒரே பெரும் பிரிவாக வைத்துக்கொள்வதே எளிது என்பர் ஒரு சாரார். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பகுத்து வைத்த வீட்டில் ஓர் அறை நிரம்பி வழிய, அடுத்த அறை வெறுமையாய்க் கிடக்கும் அவலத்தை அவர்கள் கண்டிருப்பர். மற்றொரு சாராரோ பழைய கையேட்டின்படி ஏழெட்டுப் பிரிவுகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கட்டுப்பாடு விதித்தாலன்றி அமைதி கொள்வதில்லை. முன்னவர் பகுப்பின் பயனை மறந்தனர். பின்னவர் அதன் செலவை மறந்தனர். ஒவ்வொரு பிரிவும் ஒரு வேலி. வேலி எதற்காக என்று சொல்ல முடியாத இடத்தில் அதனை எழுப்பலாகாது. தேவையான வேலி, முறைமைக்கும் தாமாக வளர்வதற்கும் இடையே ஒன்று. இவ்விரண்டிற்கும் மீளக் கிடைக்காத தரவுக்கும் இடையே ஒன்று. சிறிய நிலையம் ஒன்றிற்கு இதற்குமேல் வேண்டுவது அரிது.

அளவுகளை நிர்ணயிக்க ஊகம் வேண்டா. பள்ளிக் கணக்கே போதும். ஒரு நிலையத்தில் 100 தானியங்கி மழைமானிகள் கால் மணிக்கு ஒருமுறை அளவு அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு மானிக்கு நாளொன்றுக்கு 96 அளவீடுகள், நூறுக்கும் சேர்த்து 9,600, ஆண்டிற்கு 35,04,000. ஓர் அளவீட்டிற்கு 200 பைட் எனக் கணக்கிட்டால் ஆண்டிற்கு 700 மெகாபைட் ஆகிறது. தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்கும் பிறவற்றுக்குமாக மும்மடங்கு கொண்டாலும் 2 ஜிகாபைட்டை ஒட்டியே நிற்கும். அதே நிலையத்தின் 50 பணியாளர் கைப்பேசியில் நாளொன்றுக்குப் பத்துப் புகைப்படம் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒன்று 4 மெகாபைட் எனின் நாளொன்றுக்கு 2 ஜிகாபைட். 300 வேலை நாட்களுக்கு 600 ஜிகாபைட். எண்கள் ஓராண்டிற் பிடிக்கும் இடத்தைப் படங்கள் ஒரே நாளிற் பிடித்துவிடுகின்றன. இவ்விரண்டையும் ஒரே பிரிவில் வைத்தால், ஒருநாள் படங்களே வட்டை நிரப்பி எண்களின் வழியை அடைக்கும். நிலையத்தின் நோக்கம் எண்களே எனின், அவற்றிற்குத் தனியிடம் வேண்டும் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

இந்நிலையத்திற்கு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும் இரட்டை வட்டாக 4 டெராபைட் வட்டுகள் இரண்டு வழங்கப்பட்டுள்ளன எனக் கொண்டால், அமைப்பு இவ்வாறிருக்கலாம். வேர்ப் பிரிவிற்கு 40 ஜிகாபைட், ‘வார்’ அடைவிற்கு 40, தரவுத்தளத்திற்கு 20, படங்களுக்கு 800, இடமாற்றப் பிரிவிற்கு 8, இயந்திரம் எழும்புவதற்குரிய சிறு பிரிவுகளுக்கு ஓரிரு ஜிகாபைட். படங்கள் ‘எஸ்ஆர்வி’ அடைவின்கீழ் இருக்கலாம். சேவையாக வழங்கும் தரவுக்கென விதி வகுத்த இடம் அது. தரவுத்தளப் பிரிவை அதன் வழக்கமான இடமாகிய ‘லிப்’ அடைவின் உள்ளேயே பொருத்திவிடலாம். மென்பொருளில் ஒரு வரியும் மாற்ற வேண்டுவதில்லை. வட்டின் பிரிவுப் பட்டியல் ஜிபிடி முறையில் இருத்தல் வேண்டும். எம்பிஆர் என்னும் பழைய முறை, 512 பைட் துண்டுகளாகக் கணக்கிடப்படும் வட்டில் 2 டெபிபைட்டுக்கு மேற்பட்ட பகுதியை எட்டாது.

மேற்கூறியவற்றைக் கூட்டிப் பார்ப்போர், 3 டெராபைட்டுக்கு மேல் எதற்கும் ஒதுக்கப்படவில்லையே என வினவுவர். அவ்வாறு விடுவதே திட்டத்தின் உயிர்நிலை. எல்.வி.எம். என்னும் ஏற்பாடு லினக்ஸில் 1998 முதல் வளர்ந்து வந்துள்ளது. வட்டு முழுவதையும் ஒரு பொதுக் களஞ்சியமாக்கி, வேண்டும்போது வேண்டும் அளவை அளந்து கொடுப்பது அது. படங்களின் பிரிவு முக்கால் பங்கு நிரம்பியதும் களஞ்சியத்திலிருந்து இன்னும் 600 ஜிகாபைட் எடுத்துக் கொடுக்கலாம். சர்வரை நிறுத்தவும் வேண்டுவதில்லை. கொடுப்பது எளிது, திரும்பப் பெறுவது கடினம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைச் சுருக்க வேண்டின் முதலிற் கழற்ற வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையோ விரியுமேயன்றி, நடைமுறையிற் சுருங்குவதில்லை. ஆதலின் தொடக்கத்திலேயே அனைத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றலாம் என எண்ணுவது வீண். பகுப்பை எதிர்ப்போர் கூறும் வெற்றறை அவலமும் இக்களஞ்சியத்தால் நீங்கிவிடுகிறது. நிறுவு நிரல்கள் சில, எல்.வி.எம். தேர்ந்தாலும் களஞ்சியம் முழுவதையும் வேர்ப் பிரிவிற்கே வழங்க முன்வரும். அவ்விடத்திற் பொத்தானை அழுத்துமுன் சற்று நிற்க வேண்டும்.

இடம் என்பது பைட் கணக்கு மட்டுமன்று. எக்ஸ்ட்4 முறைமை ஒவ்வொரு கோப்பிற்கும் ஐநோடு என்னும் ஒரு விவரச் சீட்டை வைத்துக்கொள்கிறது. கோப்பு முறைமையை உருவாக்கும்போதே சீட்டுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பொது வழக்கில் 16,384 பைட்டுக்கு ஒரு சீட்டு. 20 ஜிகாபைட் பிரிவில் 13 லட்சம் சீட்டுகளே இருக்கும். மேலே கண்ட மழையளவுகளைத் தரவுத்தளத்தில் எழுதாமல், அளவீட்டிற்கு ஒரு கோப்பாக எழுதும் நிரல் ஒன்றை யாரேனும் அமைத்தால், நாளொன்றுக்கு 9,600 சீட்டு வீதம் ஐந்து மாதம் முடியுமுன் அனைத்தும் தீர்ந்துவிடும். அப்போது இடத்தில் மூன்றிலொரு பங்குகூட நிரம்பியிராது. இருந்தும் எழுத இடமில்லை என்றே முறைமை கூறும். இச்செய்தியைக் கண்டு குழம்பியோர், டிஎஃப் என்னும் கட்டளையை ஐநோடு கணக்குக் காட்டுமாறு இயக்கினால் உண்மை விளங்கும்.

அதே முறைமை, பிரிவின் 5 விழுக்காட்டைத் தலைமைப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. வேர்ப் பிரிவில் இது நல்ல காவல். 800 ஜிகாபைட் படப் பிரிவிலோ 40 ஜிகாபைட் வீணே முடங்குகிறது. அங்கே ஒதுக்கீட்டைக் குறைத்துவிடலாம். இன்னொரு புதிர், அழித்த பதிவுக்கோப்பு இடத்தை விடாதிருப்பது. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மறையுமேயன்றி, நிரல் அதனை மூடும்வரை இடம் திரும்பாது. அடைவுகளை எண்ணிக் கூட்டும் டியூ கட்டளையும் மொத்தக் கணக்குக் காட்டும் டிஎஃப் கட்டளையும் முரண்பட்டால், இக்காரணத்தை முதலில் ஐயுறலாம்.

இரண்டாவதாக ஐயுற வேண்டிய காரணம் இதனினும் ஆபத்தானது. கையேடுகளிற் போதிய அளவு விளக்கப்படாதது. பொருத்துமிடம் என்பது மரத்தில் ஏற்கெனவே உள்ள ஓர் அடைவு என்று கண்டோம். அதன்மேல் ஒரு பிரிவைப் பொருத்தியதும் அடியிலுள்ள அடைவு மறைந்துவிடும். ஏதோ ஒரு காரணத்தால் பிரிவு பொருந்தாமற் போனால், மறைந்திருந்த அடைவு வெளிப்பட்டு நிற்கும். படங்களைப் பெறும் நிரலுக்கு வேறுபாடு தெரியாது. அடைவின் பெயர் அதே பெயர். எழுதும் உரிமையும் இருக்குமாயின் அது எழுதிக்கொண்டேயிருக்கும். எழுதப்படுவதோ வேர்ப் பிரிவில். நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் வீதம் மூன்று வாரத்திற்குள் 40 ஜிகாபைட் வேர் நிரம்பி, சர்வர் செயலற்றுப் போகும். அதற்கு முன்பே யாரேனும் கவனித்துப் பிரிவைத் திரும்பப் பொருத்திவிட்டால் நிலைமை வேறுவிதமாக மோசமாகும். அந்த நாட்களின் படங்கள் திடீரெனக் காணாமற்போகும். அவை அழியவில்லை; பொருத்திய பிரிவின் அடியில் மறைந்து கிடக்கின்றன. தேடுபவருக்குத் தென்படமாட்டா, பிரிவிலிருந்து எடுக்கும் காப்புப் பிரதியிலும் சேரமாட்டா. வேர்ப் பிரிவில் மட்டும் கணக்கில் வராத பாரமாக அவை இருந்துகொண்டிருக்கும். சில மாதங்கள் கழித்து வேறொருவர் சர்வரை மீண்டும் நிறுவும்போது, மீளக் கிடைக்காத அப்படங்கள் எவரும் அறியாமலே அழிந்துபோகும்.

இதற்கு மாற்று எளியது. பொருத்துமுன், வெற்று அடைவை எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிட வேண்டும். தலைமைப் பயனரையும் தடுக்கும் மாறாமைக் குறியை சாட்டர் என்னும் கட்டளையால் இடலாம். குறியிட்ட அடைவின்மீது பிரிவைப் பொருத்துவதற்குத் தடையில்லை. பொருத்தியபின் எழுதுவதற்கும் தடையில்லை. பிரிவு பொருந்தாத நாளில் மட்டும் எழுதும் முயற்சி உடனே தோல்வியுறும்; தோல்வி உடனே வெளிப்படும். இதற்குத் துணையாக, குறிப்பிட்ட பொருத்துமிடம் ஆயத்தமாகாவிடில் தரவுத்தளச் சேவை தொடங்கலாகாது என்று சிஸ்டம்டி முறைமையின் சேவைக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடலாம். ஏற்கெனவே மறைந்துவிட்டனவற்றைக் காண வேண்டின், வேர்ப் பிரிவையே மற்றோர் அடைவிற் பிணைத்துப் பொருத்தினால் அடியிலிருப்பவை அங்கே தெரியும்.

எந்தப் பிரிவு எங்கே பொருந்தும் என்பது ‘எடிசி’ அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதப்படுகிறது. தனி வட்டுகளை அங்கே எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் பெயர்களாற் குறிப்பது தவறு. வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அப்பெயர்களும் மாறிவிடும். கோப்பு முறைமைக்கே உரிய யூயூஐடி எண்ணாலோ, இட்டு வைத்த பெயராலோ குறிப்பதே சரி. வரியில் எழுதப்பட்ட வட்டு, எழும்பும் வேளையில் இல்லாவிடில் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பின்னர் அவசர நிலைக்குச் சென்றுவிடும். 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வர் அவசர நிலையில் நின்றால், ஒருவர் பேருந்து ஏறிச் செல்ல வேண்டியதுதான். ‘நோஃபெயில்’ என்னும் குறிப்பைச் சேர்த்தால் வட்டு இல்லாமலே சர்வர் எழும்பும். தொலைவிலிருந்து அணுகவும் முடியும். ஆனால் அப்போதுதான் மேலே கூறிய வெற்றடைவு வெளிப்பட்டு நிற்கும். பூட்டாத அடைவோடு இக்குறிப்பைச் சேர்ப்பது, திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு விளக்கையும் அணைப்பதற்கு ஒப்பாகும்.

‘டிஎம்பி’ என்னும் தற்காலிக அடைவைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. டெபியன் 2025-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் அது இயல்பாகவே நினைவகத்தில் அமைக்கப்படுகிறது. இயந்திரத்தை நிறுத்தினால் அதிலுள்ளவை போய்விடும். நாள் முழுதும் சேர்த்த அளவீட்டை அங்கே தற்காலிகமாக வைத்து இரவில் அனுப்பும் நிரல்கள் இருப்பின், அவற்றை உடனே மாற்றியமைத்தல் நன்று.

ஓர் ஐயத்தை இங்கே அகற்றிவிட வேண்டும். தனிப் பிரிவு என்பது காப்பு அன்று. ஒரே வட்டின் இரு பிரிவுகள், வட்டு பழுதுற்றால் ஒன்றாகவே போகும். இரட்டை வட்டும் காப்பு அன்று. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். மீளக் கிடைக்காதவற்றைத் தனியே வைப்பதன் முழுப் பயன், எதற்குக் காப்புப் பிரதி எடுக்க வேண்டும் என்பது ஐயமின்றித் தெளிவாவதே. எல்லாம் கலந்து கிடக்கும் சர்வரில் எல்லாவற்றையும் எடுக்க முயன்று, நேரமும் நாடாவும் போதாமல், இறுதியில் எதையுமே ஒழுங்காக எடுக்காமல் விடுவது இயல்பு. 20 ஜிகாபைட் தரவுத்தளம் மட்டுமே உயிர் போன்றது என்று தெரிந்துவிட்டால், அதன் பிரதியை ஒவ்வோர் இரவும் வேறூருக்கு அனுப்புவது பெரிய காரியமன்று. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தல் போதாது என்பதும், அதற்கென உள்ள கட்டளையால் பிரதி எடுக்க வேண்டும் என்பதும் கூறாமலே விளங்கும்.

மத்திய அரசு திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை 2015-இல் வெளியிட்டது. அதற்கு முன்னரே சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் லினக்ஸ் வடிவத்தை நாட்டுக்கு அளித்திருந்தது. மென்பொருளைத் தேர்வது பற்றிய நெறி இருக்கிறது. அதனை வட்டில் எவ்வாறு அமர்த்துவது என்பது மட்டும் அன்றைய தினம் விசைப்பலகையின்முன் அமர்ந்தவரின் தனி முடிவாக விடப்பட்டால் அது முறையாகாது. களப்பணியில் இடமாற்றம் இயல்பு. சர்வரை அமைத்தவர் மாற்றலாகிச் சென்றபின், எந்தப் பிரிவு எதற்கு என்பதை அறிந்தவர் எவருமிலர். இருப்புப் பதிவேட்டில் ‘சர்வர், ஒன்று’ என்னும் குறிப்பு மட்டும் இருக்கும். நாற்காலிகளையும் அவ்வாறே குறிக்கிறார்கள். அக்குறிப்பின் கீழ் ஒரு தாளை இணைக்குமாறு பணிப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. எந்த அடைவு, எந்தப் பிரிவு, யார் எழுதுகிறார்கள், ஆண்டிற்கு எவ்வளவு வளரும், அழிந்தால் எங்கிருந்து திரும்பக் கிடைக்கும் என்பவை அத்தாளில் இருந்தாற் போதும். வட்டு வாங்குவதற்கான கோரிக்கையோடு இத்தாள் வைக்கப்பட வேண்டும் என்று விதிப்பது இன்னும் சிறப்பு. கடைசிக் கட்டத்தில் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று எழுத வேண்டி வரும்போது, எழுதுபவரே சற்றுத் திடுக்கிடுவார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் காட்ட உபரி வட்டு எதுவும் வேண்டியதில்லை. ஒரு சாதாரணக் கணிப்பொறியில் 100 மெகாபைட் அளவில் வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதனுள் எக்ஸ்ட்4 முறைமையை அமைத்து, ஓர் அடைவின்மீது பொருத்தலாம். லினக்ஸ் ஒரு கோப்பையே வட்டாகப் பாவிக்க வல்லது. தலைமைப் பயனரின் உரிமையை ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. மாணவர் அதனுள் படங்களை நகலெடுத்துக்கொண்டே செல்லட்டும். இடமில்லை என்னும் செய்தி சில நிமிடங்களில் வரும், ஆனால் கணிப்பொறி நிற்காது. வேலியின் பயனை அவர்கள் அங்கே காண்பர். அடுத்து, பிரிவைக் கழற்றிவிட்டு, அதே அடைவில் அவரவர் பெயரைத் தாங்கிய ஒரு சிறு கோப்பை எழுதச் சொல்லலாம். எழுதி முடித்ததும் பிரிவைத் திரும்பப் பொருத்தி, எழுதிய கோப்பு எங்கே என்று கேட்கலாம். அதனைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுவதையும் கொடுத்தாலும் தகும்.